மூணு விரல் தூரம்

"இந்தக் காலத்துல எவன் மனுஷன் மூஞ்சியப் பாத்துப் பேசுறான்? எல்லாம் போனைப் பாத்துத்தான்!"

பிரிக்பீல்ட்ஸில், சின்சே எனப்படும் சீன வைத்தியரின் கடைக்குள் நுழையும்போதே கார்த்திகேசு சத்தம் போட்டார். ஷாமினி போனைக் கவிழ்த்து வைத்தாள். சீனப் பள்ளியில் படித்து, சீன வைத்தியமும் கற்றுக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவள்.

"வாங்க தாத்தா. பாட்டிக்கு வாந்தி நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? நீ காட்டுன புள்ளி பொய்யி, புள்ள. கேன்சருக்கு மருந்து ஏத்துனதிலேர்ந்து ஒரு வாய்க் கஞ்சி அவ வயித்துல தங்கல. எலும்பாக் கெடக்கா."

"நெய்குவான் புள்ளி பொய் சொல்லாது தாத்தா. நெய்குவான்னா உள்வாசல்னு அர்த்தம். அதை அமுக்குனா குமட்டல் அடங்கும்."

"வாசலாம் வாசல்! நானும் தட்டித் தட்டிப் பாத்துட்டேன். தொறக்கல."

"எங்க தட்டுனீங்க? காட்டுங்க."

கார்த்திகேசு இடது கையை நீட்டி, மணிக்கட்டு ரேகைக்கு மேலே வலது கையின் மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தார். சுங்கை பூலோ செடித் தோட்டங்களில் காலமெல்லாம் பூச்சட்டிக்கு மண் நிரப்பிய கை. ஒவ்வொரு விரலும் மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தது.

"ரேகையிலேர்ந்து மூணு விரல் தள்ளி, ரெண்டு நரம்புக்கு நடுவுல. நீ சொன்னதுதானே?"

"பாட்டி கையிலயும் உங்க விரல வெச்சா அளந்தீங்க?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரன் விரல வெச்சா அளப்பாங்க?"

ஷாமினி சிரித்துவிட்டாள். "அங்கதான் தப்பு! யாரு கையோ அவங்க விரல்தான் அளவு. உங்க விரல வெச்சா புள்ளியத் தாண்டிப் போயிடும். பாட்டியே அவங்க விரலால அளக்கணும்."

கார்த்திகேசு தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ செய்யமாட்டா."

"இதுல என்ன கஷ்டம்?"

"சோறு ஊட்டுறது நான். தல வாருறது நான். சேலைக்குக் கொசுவம் வைக்கிறதும் நான்தான்."

"ஐயோ பாவம். படுக்கையில விழுந்ததிலேர்ந்தா?"

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து."

"அடேங்கப்பா! செல்லம் கொடுத்தே கெடுத்து வெச்சிருக்கீங்க லா!"

அவர் சிரிக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க தாத்தா. நாளைக்கு ஒரு டாக்சி பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. நானே அளந்து, மையால புள்ளி வெச்சு விடுறேன்."

"வரமாட்டா. நாலு பேரு பாக்குற எடத்துக்கு அவ வந்ததே இல்ல."

"அப்ப நீங்களாவது, அவங்க மூணு விரலப் பிடிச்சு மணிக்கட்டுல வெச்சு…"

கார்த்திகேசு எழுந்தார். மூலையில் சாய்த்திருந்த குடையை எடுத்துக்கொண்டார்.

"ஊசி, புள்ளி, உள்வாசல்… எவனுக்கு வேணும் இதெல்லாம்!"

"தாத்தா, நான் சொல்றத நம்புங்க. அவங்க விரல்தான் சரியான அளவு."

வாசற்படியில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார். திரும்பிப் பார்க்காமலே தெருவில் இறங்கிக்கொண்டே சொன்னார்:

"சின்ன வயசுல வந்த குஷ்டம் அவளுக்கு விட்டு வெச்சது உள்ளங்கைய மட்டுந்தாம்மா. விரலுக்கு எங்க போவா?"