சம்பந்தி வீட்டு வரி

காதில் மாட்டிய கருவியே எல்லாவற்றையும் படித்துச் சொல்லிவிடும் காலம் அது. ஆனாலும் நிச்சயப் பத்திரிகையைப் பெண்ணின் தாத்தா தம் வாயால் படிப்பதுதான் அந்தக் குலத்து வழக்கம். பேத்தியின் நிச்சயத்தில் அதைப் படிப்பதற்காகவே எழுபது வயதில் எழுத்து வகுப்பில் சேர்ந்தார் தெய்வசிகாமணி. அங்கிருந்த பலகை, ஒருவர் பேசும் சொற்களை எழுதிக் காட்டி, அவற்றை மட்டுமே கற்றுக்கொடுக்கும். அவர் தம் வம்சப் பெருமையை ஓயாமல் பேசினார். மாப்பிள்ளையின் தாத்தாவை மட்டும் பெயர் சொல்லாமல் 'அந்த ஆள்' என்பார்.

நிச்சயத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. தம் பாட்டன் பூட்டன் பெயர்களைக் கணீரென்று படித்தார். பேத்தி பூரித்துப் போனாள். அடுத்தது மாப்பிள்ளை வீட்டு வரி. ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

"என்ன சம்பந்தி, எங்க பேரு கசக்குதா?" என்று அந்த ஆளே எழுந்து வந்தார்.

தெய்வசிகாமணி தலை குனியவில்லை. "படிக்க வரலைங்க. உங்க பேரை நான் ஒருநாளும் சொன்னதில்ல."

வந்தவர் அவர் காதருகே குனிந்தார். "மெதுவாப் பேசுங்க. நானும் பலகைகிட்ட எங்க வம்சத்தைப் பத்தி மட்டுந்தான் பேசுனேன். எனக்கு இந்த ஒரு வரிதான் வரும். தாளை இப்படிக் காட்டுங்க."

இருவரும் சேர்ந்து பிடித்த தாளிலிருந்து அந்த வரி வந்தவர் குரலில் மண்டபம் அதிர முழங்கியது. குலவை எழுந்தது.

"விருதகிரி," என்று தெய்வசிகாமணி முதன்முறையாகச் சொல்லிப் பார்த்தார். நாளைக்கு வகுப்பில் முதல் சொல் அதுதான்.