பதினெட்டு கிலோமீட்டர்

இதை வெண்டலினின் மகள் எனக்குச் சொன்னார். வெண்டலினை நான் பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு வார்த்தையும் இப்படித்தான் பேசப்பட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"ஐயோ, மறுபடியும் அதே கோபுரம்!" என்று வெண்டலின் கத்தியே விட்டான்.

ஓபர்வைலர் கிராமத்துத் தேவாலயக் கோபுரம். மூன்று நாளில் நான்காவது முறையாக அதைப் பார்க்கிறார்கள்.

"கத்தாதே தம்பி. வரைபடத்தைத் தலைகீழாப் பார்த்துட்டேன் போல" என்றார் ஆல்பான் ஸிர்கல்.

"உங்ககிட்ட வரைபடமே இல்லையே!"

"அதுதான் நானும் சொல்றேன்."

வெண்டலினுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

1945 ஏப்ரல், ஜெர்மனி. குண்டுவீச்சுக்குப் பயந்து எஸ்ஸன் நகரத்திலிருந்து இந்த மலைப்பக்கம் அனுப்பப்பட்ட பள்ளிக்கூடத்தின் பையன்கள் ஒன்பது பேர். எல்லோருக்கும் பதினாறு வயது. புதன்கிழமை மதியத்துக்குள் லாவர்ன்ஸ்டாட் படைமுகாமில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு. மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர். கூட்டிப் போக, ஊர்க்காவல் படையிலிருந்து இந்த ஸிர்கல் கிழவரைப் போட்டிருந்தார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை.

வெண்டலினுக்குப் போருக்குப் போக ஆசையே இல்லை. அப்பாவும் அண்ணனும் போரில் செத்தாயிற்று. "நீயாவது உயிரோடு வா" என்று அம்மா எழுதியிருந்தாள். ஆனால் நேரத்துக்குப் போகாதவன் ஓடிப்போனவன். ஓடிப்போனவனுக்கு என்ன கதி என்பதை நேற்றுதான் சாலையோர ஆப்பிள் மரத்தில் பார்த்தார்கள். தொங்கியவனுக்கு அவர்கள் வயதுதான் இருக்கும். கழுத்தில் 'ஓடிப்போனவன்' என்று எழுதிய ஓர் அட்டை.

"இந்தக் கிழத்துக்குத் தன் வீட்டுக் கக்கூஸுக்கே வழி தெரியாதுடா" என்று பக்கத்தில் நடந்த கூனோ கிசுகிசுத்தான். "இது நம்மளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் சேர்க்காது, விடவும் விடாது. நான் கழண்டுக்கப் போறேன். நீ வர்றியா?"

வெண்டலின் யோசிப்பதற்குள் கூனோ புதருக்குள் மறைந்துவிட்டான்.

அரை மணி நேரத்தில் கிழவர் அவனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். எல்லோர் முன்னாலும் பளாரென்று ஓர் அறை.

"இன்னொரு தடவை ஓடினே, காலை ஒடச்சிடுவேன். வரிசையில நில்லுடா!"

ஊருக்கு வழி தெரியாது, ஓடுகிறவனைப் பிடிக்க மட்டும் நன்றாகத் தெரிகிறது என்று வெண்டலின் பல்லைக் கடித்தான்.

கூனோவின் கன்னத்தில் சிவப்பு மறைவதற்குள் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இரண்டு ராணுவப் போலீஸ்காரர்கள். மார்பில் சங்கிலியில் தொங்கும் தகடு.

"எங்கே போற கூட்டம்?"

கிழவர் விறைப்பாக நின்று உத்தரவை நீட்டினார். "லாவர்ன்ஸ்டாட்டுக்கு, ஐயா!"

"அது உன் முதுகுக்குப் பின்னாடி இருக்குய்யா, மடையா! புதன்கிழமை போக வேண்டியவன், வெள்ளிக்கிழமை இங்க என்ன பண்ற?"

"கண்ணு சரியாத் தெரியலைங்க ஐயா. ஒரு திருப்பத்தை விட்டுட்டேன்."

"ஒரு திருப்பமா?"

"நாலஞ்சு இருக்கும்ங்க."

போலீஸ்காரர் முத்திரையைப் பார்த்தார். பையன்களை எண்ணினார். ஒன்பது. காகிதத்திலும் ஒன்பது. முட்டாள்தனத்தைத் தவிர வேறு குற்றம் எதுவும் கிடைக்கவில்லை.

"இந்த மாதிரி ஆளுங்களை வச்சுக்கிட்டு எங்கேர்ந்து ஜெயிக்கிறது!" என்று காகிதத்தைக் கிழவர் முகத்திலேயே எறிந்தார். "திரும்பி நேரா நட. எங்கயும் திரும்பாதே. புரியுதா?"

"புரிஞ்சுதுங்க ஐயா."

நேராகத்தான் நடந்தார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தது.

கிழவர் நின்றார். "இந்தப் பக்கம் ஒரு குறுக்கு வழி இருக்கும்னு தோணுது."

ஒன்பது பேரும் ஒரே குரலில் முனகினார்கள்.

குறுக்கு வழி எர்லன்ரீட் கிராமத்தில் கொண்டுபோய் விட்டது. மறுநாள் ஹோல்ஸ்பாக். எந்த ஊரானாலும் பையன்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கிழவர் மட்டும் உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் உருளைக்கிழங்கு சூப்போடு திரும்பி வருவார். பிச்சை எடுப்பதிலாவது சாமர்த்தியம் இருக்கிறதே என்று கூனோ சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹோல்ஸ்பாக் ஜன்னல்களில் வெள்ளைத் துணிகள் தொங்கின. பள்ளத்தாக்குச் சாலையில் அமெரிக்க டாங்கிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

கிழவர் தன் துப்பாக்கியைச் சாணிக் குழியில் போட்டார். பையன்கள் கையில் கட்டியிருந்த படைப் பட்டைகளைக் கழற்றச் சொல்லி, அவற்றையும் போட்டார்.

"இனிமே எனக்கு வழி தெரியாதுடா. வீட்டுக்குப் போங்க. நாலு பேரைக் கேட்டுக் கேட்டுப் போங்க. என்னை மாதிரி போகாதீங்க."

"உங்களை மாதிரி போனா எஸ்ஸன் போய்ச் சேர எங்களுக்கு எண்பது வயசாயிடும்" என்றான் வெண்டலின். நன்றிகூடச் சொல்லவில்லை.

லாவர்ன்ஸ்டாட்டுக்குப் புதன்கிழமையே ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த வேறு பையன்களை வியாழக்கிழமை ஆற்றுப்பாலத்தைக் காக்க அனுப்பினார்களாம். நான்கு பேர்தான் திரும்பினார்களாம்.

வெண்டலின் எழுபத்தெட்டு வயது வரை இருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் இந்தக் கதையைச் சொல்வாராம். "ஜெர்மன் ராணுவத்திலேயே படுமுட்டாள் ஒருத்தன் எங்களுக்குன்னு வாய்ச்சான். அவன் முட்டாள்தனத்துலதான் நான் பொழச்சேன்" என்று முடிப்பாராம்.

அந்தக் கிழவரின் பெயர் என் மனதை விட்டுப் போகவில்லை. போன வருடம் அந்த வட்டாரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய அரசு ஊழியர் பதிவேட்டைத் தேடினேன்.

ஸிர்கல், ஆல்பான். தபால்காரர். ஓபர்வைலர், எர்லன்ரீட், ஹோல்ஸ்பாக், லாவர்ன்ஸ்டாட். நடந்து தபால் விநியோகம். முப்பத்தொரு வருட சேவை.