நிலைக்கு அடியில் ஒரு காசு

"அண்ணே, இது நீங்க சம்பாதிச்சுக் கட்டின வீடு. இதுல பாதி எனக்கு வேணாம்."

மருதை டிரங்குப் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷம் பர்மாவில் இருந்தவன். அங்கே கடையும் வீடும் பறிபோய், மனைவி, இரண்டு பெண்குழந்தைகள், இந்தப் பெட்டி, இவ்வளவோடு போன மாதம்தான் கப்பலேறி வந்திருந்தான். மன்னார்புரத்தில் அண்ணன் அடைக்கலத்தின் வீட்டில் தங்கல்.

"எங்கடா போவே?"

"மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லுல மூட்டை தூக்க ஆள் கேக்கறாங்க. அங்கயே ஒரு கொட்டாய் போட்டுக்கறேன்."

"அப்பா கட்டின வீடு இருக்கறப்ப உனக்குக் கொட்டாயா?"

"அப்பா கட்டியிருந்தா ரங்கூனுக்கு ஒரு வரி எழுதியிருக்க மாட்டாரா?"

"முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தாருடா. அதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு."

மருதை இன்னொரு முடிச்சுப் போட்டான்.

அடுக்களையிலிருந்து அண்ணி அமிர்தம் விருட்டென்று வந்தாள்.

"தெனமும் இதே பேச்சு! நிலை வெக்கிறப்ப அந்த வருஷத்துப் புதுக்காசை அடியில போடுவாங்கள்ல? தோண்டிப் பாத்துடுங்க. காசுல வருஷம் எதுக்கு அடிச்சு வெச்சிருக்கான்? மாமா போனது நாப்பத்தொம்பதுல. அதுக்கு முந்தின காசுன்னா அவரு கட்டினது. பிந்தின காசுன்னா இவரு கட்டினது. அத்தோட விடுங்க."

அடைக்கலத்தின் முகம் வெளுத்தது. "பைத்தியமாடி உனக்கு? குடியிருக்கிற வீட்டு நிலையைக் கெளறுவாங்களா?"

"அண்ணி சொல்றதுதான் நியாயம்" என்று மருதை கடப்பாரையை எடுத்துவந்தான்.

"வேணாம்டா!" அடைக்கலம் குறுக்கே போனார். அமிர்தம் அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

நிலைக்காலை ஒட்டியிருந்த செங்கல்லை நெம்பியதும் மண்ணுக்குள் ஓர் அரை ரூபாய் கிடைத்தது. மருதை அதை வேட்டியில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் புலி. 1947.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா கையால வெச்ச காசுண்ணே!"

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. அப்பா சைக்கிளில் முன்னால் ஒருவனும் பின்னால் ஒருவனுமாக முக்கொம்புக்கு மிதித்துப் போனது, தண்ணீரைப் பார்த்து மருதை அலறியது, திரும்பும் வழியில் பொரி உருண்டை வாங்கித் தந்தது. மருதை சுவரைத் தடவித் தடவிச் சொன்னான். குழந்தைகள் வாய் பிளந்து கேட்டன. பெட்டியை அவன் மனைவியே அவிழ்த்து உள்ளே கொண்டுபோனாள்.

அடைக்கலம் மெல்ல அடுக்களைக்குள் நுழைந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலை அமிர்தம். அப்பா போய் மூணு வருஷம் கழிச்சு, இந்தக் கையாலதானே அப்பப் புதுசா வந்த சிங்கத்தலைக் காசு போட்டு நிலை வெச்சேன்?"

அமிர்தம் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "நீங்க சொன்ன பொய்யைத் தம்பி நம்பலையே. அதான், நேத்து நீங்க எல்லாரும் ஸ்ரீரங்கம் போயிருந்தப்ப மாத்தி வெச்சேன்."