புது ரிமோட்

எல்லாக் கதவுகளையும் மூடினால்தான் கார் புது ரிமோட்டை ஏற்றுக்கொள்ளும் என்று வீடியோவில் சொன்னார்கள்.

மூடினேன். நாற்றம் குப்பென்று ஏறியது.

பின்சீட்டில் குழந்தை கொட்டிய பால். நாற்பது நாள் வெயிலில் புளித்து, துணிமேல் பச்சையாகப் பூத்திருந்தது. அன்று என் மனைவி காய்ச்சலோடு தானே ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். எனக்கு ஓட்டத் தெரியாது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

காரை அத்தான்தான் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் திரும்பவில்லை.

பத்து நொடிக்குள் சாவியை எட்டு முறை திருப்ப வேண்டும். ஏழாவதில் விரல் வழுக்கியது. ஸ்டீயரிங் முழுக்க ஏதோ பிசுபிசுப்பு. முதலிலிருந்து தொடங்கினேன்.

அக்கா கண்ணாடியைத் தட்டினாள். ஒரு கையில் சோற்றுக் கிண்ணம். முந்தாநாள்தான் உதவிக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக என் சட்டைகளை அள்ளி வாஷிங் மெஷினில் போட்டாள். பையிலிருந்த பழைய ரிமோட் அதோடு செத்தது.

“நேத்துலேர்ந்து குழந்தை ஒரு வாய் சாப்பிடல, தொண்டை கிழிய அழுவுறா. ஓட்டத் தெரியாதவனுக்கு இப்ப எதுக்குடா ரிமோட்டு, கழுத்துல மாட்டிக்கப் போறியா?”

நான் கண்ணாடியை இறக்கவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆறு. ஏழு. எட்டு.

நாலு கதவுகளின் பூட்டுகளும் ஒன்றாகத் துள்ளி அடங்கின. கார் தயார். புது ரிமோட்டின் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். பூட்டுகள் மறுபடி துள்ளின. ஏற்றுக்கொண்டது.

இறங்கிக் கதவைச் சாத்தினேன். கையை முகர்ந்து பார்த்தேன். அந்தப் பால் நாற்றம். சட்டையில் துடைத்தேன். போகவில்லை.

இருமுறை அமுக்கினேன். என் மனைவி அப்படித்தான் பூட்டுவாள். ஒருமுறை அமுக்கினால் அவளுக்கு நம்பிக்கை வராது.

கீக், கீக்.

வீட்டுக்குள் அழுகை சட்டென்று நின்றது. சின்னக் கால்கள் வாசற்கதவை நோக்கி ஓடிவரும் சத்தம்.

உள்ளே போய், அக்காவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மகளின் முன்னால் மண்டியிட்டேன். நாற்பது நாளாக, யாரும் இல்லாத வீட்டில், வேளைக்கு ஒருமுறை சொன்ன அதே வார்த்தைகள் வாயில் தயாராக இருந்தன.

“அம்மா காரைப் பூட்டிட்டா பாரு. உள்ள வர்றதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடணும், வாயத் திற.”

திறந்தாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பின்சீட்டைப் பார்த்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மகள் வாசலை விட்டுக் கண்ணை எடுக்காமல் மென்றாள். அடுத்த கரண்டியை எடுத்தேன்.