பெயர் கேட்காதவள்

“பேரைக் கேட்டியாம்மா நீ?” என்றார் தேர்வாளர்.

மாணவி திருதிருவென்று விழித்தாள். அதுவரை ஒரு குறை சொல்ல முடியாது. கை கழுவினாள், திரையை இழுத்து மறைத்தாள். நோயாளியாக நடித்த பெண்ணை முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தாள். இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையையும் விழுங்க வைத்துவிட்டாள். பெயரை மட்டும் கேட்கவில்லை.

“மறந்துட்டேன் மேடம்.”

“மறக்கிற விஷயமா இது? பேரைக் கேட்டு, சீட்டோட சரிபார்த்த பிறகுதானே மருந்தையே தொடணும்? ஆள் மாறிப் போனா யார் தலை உருளும்? மத்ததெல்லாம் நூத்துக்கு நூறு இருந்தாலும் இது ஒண்ணு போனா ஃபெயில்தான்.”

நான்கு வருட நர்ஸிங் படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு. பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து வேலைக்குக் கடிதமே வந்தாகிவிட்டது. இதில் தோற்றால் அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். வேலை அதுவரை காத்திருக்குமா என்ன?

தேர்வாளர் வேறு கல்லூரிக்காரர், இரக்கமுள்ளவர். குரலைத் தணித்துக்கொண்டார்.

“இடது மணிக்கட்டுல வலின்னு இவங்க எங்கிட்டதான் சொன்னாங்க. நீ கேக்காமலே பிரஷர் பார்க்க வலது கைக்குப் போயிட்ட. உனக்குச் சொந்தக்காரங்களா? அப்படின்னா சொல்லிடு. இந்தத் தேர்வு செல்லாது. வேற ஆளைப் படுக்க வெச்சு இப்பவே மறுபடி நடத்திடலாம்.”

தங்கள் முறைக்காகக் காத்திருந்த மாணவிகளில் ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஐயோ மேடம், இது எங்க காலேஜைப் பெருக்குற ஆயா! நடிக்கிறவங்க வரலைன்னு இவங்களைப் படுக்க வெச்சிருக்கு. இவ வீட்டுல எல்லாரும் டாக்டருங்க!”

மாணவியின் முகம் குப்பென்று சிவந்தது. தப்பிக்க வழி கண்ணுக்கெதிரே திறந்து கிடந்தது. அந்தச் சிரிப்பும் காதில் விழுந்துகொண்டிருந்தது.

“சொந்தமெல்லாம் இல்ல மேடம். யாருன்னே தெரியாது.”

தேர்வாளர் ஆயாவிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. இந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?”

ஆயா போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, “யாரும் இல்லீங்க” என்றாள்.

தேர்வாளர் பெருமூச்சுடன் பட்டியலில் மாணவியின் எண்ணைச் சிவப்பு மையால் சுழித்தார்.

தேர்வுகள் முடிந்ததும் ஆயா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தன் வேலைக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே, வாளிகள் வைக்கும் இடத்தில் மாணவி குந்தி உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். ஆயாவைக் கண்டதும் எழுந்து, அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

“நான் வேணும்னு கேக்காம விடல. உங்கிட்டப் போய் பேரு என்னன்னு எப்படிக் கேக்கறது? எனக்கு வாயே வரலை.”

“யாருன்னே தெரியாதுன்னு சொல்றதுக்கு மட்டும் வாய் வந்துதாக்கும்!” என்றாள், அவளைப் பெற்றவள்.