கொல்லைக் கிணற்றுக் கடலட்டைகள்

1943ஆம் ஆண்டு ஏப்ரல் 17. வானில் மேகமில்லை, அனற்காற்று வீசியது. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள அரியலூரில், கொல்லையில் கிணறு தோண்டிய சாமிதுரை ஊற்றுக் கண்டார். மனைவி நீரைச் சுவைத்து "இனிக்குது" என்னும்வரை தோண்டியவர் மேலேறலாகாது என்பது அக்குடும்பத்தின் வழக்கம்.

அவர் மனைவி கலியம்மாள் கயிற்றால் இழுத்த முதற்குடம் உப்புக் கரித்தது. அதனுள் கண்ணாடி போன்ற கடலட்டை ஒன்று உயிருடன் நெளிந்தது. இரண்டாங்குடத்தில் கால்கள் முளைத்த ஊதா அட்டை இருந்தது. மூன்றாவதில் வாலுடைய மஞ்சள் அட்டை.

"என்ன புள்ள, நாக்கு செத்துப்போச்சா? சொல்லேன்," என்று கீழிருந்து கணவர் கேலி செய்தார். குரல் முன்னினும் தொலைவில் கேட்டது.

அவள் பதறிப் பொய் சொன்னாள்: "இனிக்குதுங்க. ஏறி வாங்க."

"எப்புடி ஏறுறது? கரையே தெரியலையே."

அதன்பின் கிணற்றுள் அலையோசை மட்டும் கேட்டது. அதுவும் பிற்பகல் நான்கு மணி ஆறு நிமிடத்தில் நின்றது.