பம்பின் அடியில் ஒரு சொட்டு

கொட்டகைக்கு வெளியே மேகம் கறுத்து நிற்கிறது. பாதி உழுத நிலம் அப்படியே கிடக்கிறது. உள்ளே, முகப்பு மூடி கழற்றிய பழைய டிராக்டரின் மேல் சாய்ந்தபடி கணவர் ரேடியேட்டரில் குடத்துத் தண்ணீரை ஊற்றுகிறார். இந்த மாடலுக்கு இனிமேல் வாட்டர் பம்ப் வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். செத்துப்போன இன்னொரு டிராக்டரிலிருந்து கழற்றி வந்ததைத்தான் இப்போது மாட்டியிருக்கிறார். அவருடைய விரல் முட்டிகளில் தோல் உரிந்திருக்கிறது. கீழே குந்தியிருக்கும் மனைவி பம்பின் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். அங்கிருக்கும் பொடி ஓட்டையில் நீர் கசிந்தால் உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்விட்டது என்று இருவருக்கும் தெரியும். ஒரு சொட்டு திரண்டு, வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு தொங்குகிறது. துடைக்கிறாள். மறுபடியும் திரள்கிறது. "ஒழுகுதா?" என்று மேலிருந்து கேட்கிறார், காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாத குரலில். அவள் கட்டைவிரலால் ஓட்டையை அழுத்திக்கொள்கிறாள். "இல்லீங்க." "பாத்தியா, கிழவன் பொழைச்சுக்கிட்டான்" என்று டிராக்டரைத் தட்டிச் சிரிக்கிறார், இன்றைக்கு இதுதான் முதல் சிரிப்பு. தண்ணீர் விரலைச் சுற்றி வழி கண்டுபிடித்து மணிக்கட்டில் இறங்கி, முழங்கையில் சேர்ந்து, சத்தமில்லாமல் அவள் மடியில் விழுகிறது. அவர் குடத்தை வைத்துவிட்டுச் சீட்டில் ஏறி உட்காருகிறார். சாவி குலுங்குகிறது. "ஸ்டார்ட் பண்றேன், ஃபேன் சுத்தும். கையை எடுத்துடு." அவள் டார்ச்சை அணைக்கிறாள். "எடுத்துட்டியா?" என்று அவர் மறுபடியும் கேட்கிறார். விரல் இன்னும் அங்கேயே இருக்கிறது.